என்ஹான்சர்கள்: தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

கல்லீரல் செல்லில் கல்லீரலுக்கான மரபணுக்கள் மட்டுமே இருக்கும் என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் இன்னும் உண்டு. உண்மையில் நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் சில மரபணுக்களை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. விலக்குகள் இப்படிச் சிலவே. எந்தச் செல்லில் எந்த மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும் என்பதில், அந்தப் படியெடுத்தலைத் தூண்டும் என்ஹான்சர் என்னும் டிஎன்ஏ பகுதிகளுக்கும் அவற்றில் வந்து ஒட்டும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

என்ஹான்சர் பக்கத்து மரபணுவைத்தான் இயக்கும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. கைகால் விரல்கள் உருவாகத் தேவையான எஸ்எச்எச் மரபணுவின் என்ஹான்சர் சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதிக்குள்) இருக்கிறது! அதில் சில இடங்களில் ஒரே ஓர் எழுத்து மாறினால்கூடக் குழந்தை கூடுதல் விரலோடு பிறக்கக்கூடும்.

ஒரு செல்வகைக்கு ஒரு காரணி என்று மனப்பாடம் செய்வதும் உதவாது. கேட்டா1 என்ற காரணி சிவப்பணுவாக வளரும் செல்களிலும் இருக்கிறது, தட்டணுக்களைத் தரும் செல்களிலும் இருக்கிறது. உடன் சேரும் காரணிகள் எவை, டிஎன்ஏவின் எப்பகுதி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு மாறும்.

மரபணுவை முடக்குவதும் அதன் என்ஹான்சரை முடக்குவதும் ஒன்றே என்ற எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டும். பிசிஎல்11ஏ என்ற காரணி, கருவில் இருக்கும்போது ஆக்சிஜனைச் சுமக்கும் கரு ஹீமோகுளோபினின் உற்பத்தியைப் பிறந்த பிறகு அடக்குகிறது. அந்த அடக்குதலைத் தளர்த்தினால் பிறந்த பிறகு உருவாகும் ஹீமோகுளோபினில் பழுதுள்ள கதிர் அரிவாள் இரத்தசோகை நோயாளிகளுக்குப் பெரும் நன்மை. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே பதிவான நோய் என்பதால் இது நமக்கும் நெருக்கமான விஷயம். ஆனால் நோய் எதிர்ப்புக்கான பி செல்களுக்கும் நரம்பு செல்களுக்கும் பிசிஎல்11ஏ வேண்டும். அதனால் மரபணுவையே அழித்துவிடக் கூடாது.

அதன் இன்ட்ரான் ஒன்றில், சிவப்பணு வழியில் மட்டும் செயல்படும் என்ஹான்சர் இருக்கிறது. ஒரு காரணி ஒட்டியிருக்கிறது என்பதாலேயே அந்த இடம் முக்கியம் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டவில்லை. டிஎன்ஏவை வெட்டும் கருவியான கிரிஸ்பரால் அந்த என்ஹான்சரின் நீளம் முழுக்க வெட்டிச் சோதித்தார்கள். உயிர்நாடியான ஒரு சிறு இடம் 2015-இல் வெளிப்பட்டது: கேட்டா1 ஒட்டும் தளம். 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சையில் நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களில் வெட்டப்படுவது இந்தத் தளம்தான். அச்செல்களிலிருந்து உருவாகும் பி செல்களின் டிஎன்ஏவிலும் அதே வெட்டு இருக்கும். ஆனாலும் அங்கே பிசிஎல்11ஏ குறைவதில்லை, ஏனெனில் பி செல் அதற்கு இந்த என்ஹான்சரை நம்பியிருக்கவில்லை.