நிதியாண்டின் நடுவில் பிரிட்டன் வேலைக்குப் போகிறவர்களுக்கு: முதலில் வரிக் குறியீடு, அப்புறம் படிவம் 67

2023 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து லண்டனுக்கு வேலை மாறி வந்தேன். டிசம்பர் முதல் மார்ச் வரை வாங்கிய நான்கு மாதச் சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் வரிக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் கட்டிய வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ளக் கேட்பதுதான் படிவம் 67. ஒரு கட்டத்தைத் தவறாக டிக் செய்ததால் அந்தக் கணக்கை முடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு வார இறுதி போதும். பான், இ-ஃபைலிங் லாகின் எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. நாட்களை எண்ணுங்கள்

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்த நாட்களை பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எண்ணுங்கள். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு எல்லை 182 நாள். அதைத் தொட்டுவிட்டால், அந்த நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர்தான். லண்டன் சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும். செப்டம்பர் நடுவிலேயே கிளம்பி மார்ச் வரை ஊர்ப் பக்கம் வராதவர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது.

2. சம்பளச் சீட்டில் உள்ள வரிக் குறியீடு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கும்; ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. அந்தத் தொகையைக் குறிக்கும் வரிக் குறியீடுதான் 1257எல்; குறியீட்டைப் பார்த்துத்தான் கம்பெனி வரி பிடிக்கும். வேலையில் சேரும்போது ‘ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்’ என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள். ‘ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை’ என்பது ஏ. ‘வேறு வேலை பார்த்தேன், ஆனால் பி45 (பழைய பிரிட்டன் கம்பெனி விலகும்போது தரும் வரிச் சீட்டு) இல்லை’ என்பது பி. ‘இன்னொரு வேலையும் இருக்கிறது’ என்பது சி.

நவம்பர் வரை சென்னையில் வேலை பார்த்தேனே என்று பி-யை டிக் செய்தேன். என் குறியீடு ‘1257எல் எம்1’ ஆகிவிட்டது. கடைசியில் ஒட்டியிருக்கும் எம்1-தான் விஷயம். அது இருந்தால் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மாதம் சுமார் 1,048 பவுண்டு மட்டும் கழியும். நீங்கள் வருவதற்கு முன்னால் போன எட்டு மாதங்களின் விலக்கு கணக்கிலேயே வராது.

மாதம் 3,500 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்1 இருந்தால் மாதம் சுமார் 490, நான்கு மாதத்துக்கு 1,960 பவுண்டு பிடித்தம். எம்1 இல்லாத வெறும் 1257எல் என்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் வரி பூஜ்யம். மார்ச்சில்தான் மொத்தச் சம்பளம் 14,000 ஆகி விலக்கைத் தாண்டும். மிஞ்சும் 1,430 பவுண்டுக்கு 20 சதவீதம், அதாவது 286 பவுண்டு. அவ்வளவுதான் நியாயமான வரி.

சென்னை வேலைக்காக பிரிட்டன் விலக்கில் ஒரு பவுண்டுகூடச் செலவாகவில்லை. முழுத் தொகையும் உங்களுக்கு அப்படியே இருக்கிறது. அதனால் பிரிட்டனில் இது முதல் வேலை என்றால் ஏ-தான். ஏற்கெனவே மாற்றி டிக் செய்திருந்தால் பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் செயலியிலோ இணையக் கணக்கிலோ வேலை விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். புதுக் குறியீடு உங்களுக்கும் கம்பெனிக்கும் வரும், கூடுதலாகப் பிடித்தது அடுத்த சம்பளத்திலேயே திரும்பும். மார்ச் சம்பளத்துக்கு முன்னால் இது நடந்துவிட வேண்டும். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

பி.ஆர். என்று போட்டிருந்தால் விலக்கே இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம் போகிறது என்று அர்த்தம். அதையும் உடனே திருத்துங்கள்.

3. ரூபாய்க்கு மாற்றுவது

கூகுள் காட்டும் விலையை எடுக்காதீர்கள். ஸ்டேட் வங்கியின் டி.டி. (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட்தான் செல்லும். அதுவும் முந்தைய மாதக் கடைசி நாள் விலை: டிசம்பர் சம்பளத்துக்கு நவம்பர் 30. பிடித்த வரிக்கும் இதே விதிதான். ஸ்டேட் வங்கி தினமும் போடும் பி.டி.எஃப்.-ஐ மாதக் கடைசியில் சேமித்து வைத்துவிடுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.

கணக்குக்கு ஒரு எக்செல் தாள் போதும்: மாதம், சம்பளம், வரி, விலை, ரூபாய் என்று ஐந்து பத்தி. இணையத்தில் உள்ள சம்பளக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலானவை ஆண்டு முழுக்க வேலை பார்த்ததாகவே எடுத்துக்கொள்கின்றன.

நேஷனல் இன்ஷூரன்ஸை (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வரியோடு கூட்டாதீர்கள். அது இந்தியா-பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தத்தில் இல்லை, அதற்கு இந்தியாவில் கழிவு கிடைக்காது.

4. படிவம் 67

இந்தியா கொடுக்கும் கழிவு இரண்டில் எது குறைவோ அது: அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, அல்லது பிரிட்டனில் கட்டிய வரி. மே 31-க்குள் கம்பெனி தரும் பி60-ஐயும் (ஆண்டின் மொத்தச் சம்பளமும் பிடித்த வரியும் உள்ள சான்று) சம்பளச் சீட்டுகளையும் இணைத்து, ரிட்டர்னுக்கு முன்னால் படிவம் 67-ஐத் தாக்கல் செய்யுங்கள். பிறகு ஐ.டி.ஆர்.-2-இல் எஃப்.எஸ்.ஐ. (வெளிநாட்டு வருமானம்), டி.ஆர். (வரிக் கழிவு) அட்டவணைகளை நிரப்புங்கள்.

நான் பி60-இல் இருந்த பெரிய தொகையை அப்படியே போட்டு ஜூலையில் முடித்துவிட்டேன். இலையுதிர் காலத்தில் எச்.எம்.ஆர்.சி.யிலிருந்து ஆண்டு வரியைச் சரிபார்த்துச் சொல்லும் பி800 கடிதம் வந்தது, கூடுதல் வரி திரும்பக் கிடைத்தது. சந்தோஷம் ஒரு நாள்தான். திரும்பி வந்த பணத்துக்கு இந்தியாவில் கழிவு வாங்கியிருந்தேன். டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன், புதிதாகப் படிவம் 67, வித்தியாசத்துக்கு வட்டியோடு வரி. குறியீட்டை மார்ச்சுக்குள் திருத்தியிருந்தால் பி60-இலேயே சரியான எண் வந்திருக்கும்.

5. மார்ச் 15

மேலே சொன்ன கணக்கில் பிரிட்டன் வரி 286 பவுண்டுதான். இந்தியச் சம்பளமே உங்களை 30 சதவீத அடுக்கில் கொண்டுபோய் வைத்திருந்தால், 14,000 பவுண்டுக்கும் அதே விகிதம்தான். பவுண்டு 104 ரூபாய் என்றால் செஸ் சேர்த்து நாலரை லட்சம். அதில் பிரிட்டன் கழிவு முப்பதாயிரம்கூட வராது. லண்டன் சம்பளத்துக்கு டி.டி.எஸ். பிடிக்க இந்தியாவில் யாரும் இல்லை. மீதியை மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாக நீங்களே கட்ட வேண்டும், தள்ளினால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும். முதல் சம்பளம் வந்த நாளிலிருந்தே அதில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்களுக்கு, இரட்டை வரி ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவை வைத்து வேறு வழி இருக்கலாம். அதற்கு நல்ல ஆடிட்டர் வேண்டும்.

பிறகு சேர்த்தவை

லண்டன் வங்கிக் கணக்கை இந்திய ரிட்டர்னின் எஃப்.ஏ. (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் காட்டணுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். காட்டணும். ஆனால் அந்த அட்டவணை மட்டும் காலண்டர் ஆண்டைப் பார்க்கும். 2023 டிசம்பரில் தொடங்கிய கணக்கு அந்த நிதியாண்டின் ரிட்டர்னிலேயே வரும், 2024 ஜனவரியில் தொடங்கியது அதில் வராது.

2025 ஏப்ரல் 6 முதல், புதிதாக பிரிட்டனில் குடியேறுபவர்கள் முதல் நான்கு ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு வரிவிலக்கு கோரலாம். ஊரில் உள்ள எஃப்.டி. வட்டிக்காக இதைக் கேட்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கோரும் ஆண்டில் 12,570 பவுண்டு விலக்கு போய்விடும். வட்டி சில ஆயிரம் ரூபாய்தான் என்றால் கேட்காமல் இருப்பதே லாபம்.