கொல்லையில ஒரு மேட்டுப்பாத்தி: நார்க்கட்டியை கழுவாம போட்டுடாதீங்க

எங்க வீடு சென்னை மடிப்பாக்கத்துல, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம்தான், அதனால கொல்லையில எங்க தோண்டினாலும் பிசுபிசுன்னு களிமண்ணு, ஐப்பசி மழையில நாலு நாள் தண்ணி நின்னா போதும் கத்தரி எல்லாம் வேர் அழுகி சாஞ்சிடும். ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. அப்புறம்தான் தரைக்கு மேல செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி போட்டேன், இப்போ மழைக்காலத்துலயும் காய் பறிக்கிறோம்.

இடமும் அளவும்

தினம் 6 மணி நேரமாவது வெயில் விழணும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் போடாதீங்க, சுவர்ல ஓதம் ஏறிடும். என்னுது 6 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம். நீளம் உங்க இஷ்டம், ஆனா அகலம் 3 அடியை தாண்ட வேண்டாம், ரெண்டு பக்கமும் நின்னா நடு வரைக்கும் கை எட்டணும், பாத்திக்குள்ள கால் வச்சு மிதிச்சா மண்ணு இறுகிப் போயிடும்.

செங்கல்

மரப்பலகை வேண்டாம், கரையான் அரிச்சிடும். செங்கல்தான் என் சாய்ஸ். இந்த அளவுக்கு 4 வரிசை, 110 கல் வாங்கினா உடைசலுக்கும் சேர்த்து போதும். சிமெண்ட் பூசல, சும்மா அடுக்கினதுதான், ஆனா முதல் வரிசையை பாதி மண்ணுல புதைச்சு வைங்க, இல்லன்னா மழையில மண்ணு ஊறி வெளிய தள்ளும். மேல் வரிசை அடுக்கும்போது ஒட்டு மேல ஒட்டு வரக்கூடாது. அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீங்க, தண்ணி இறங்கணும். தரையை அரை அடி கொத்தி விட்டு கோரைக்கிழங்கை கையால பொறுக்கி எடுத்துடுங்க, ஒண்ணு விட்டாலும் திரும்ப வந்துடும்.

கலவை, இங்கதான் நான் மாட்டினேன்

பாத்தி கிட்டத்தட்ட 500 லிட்டர் பிடிக்கும். அளக்க சுலபமான வழி காலி சிமெண்ட் சாக்கு, ஒண்ணுல 35 லிட்டர் போகும். செம்மண் 7 சாக்கு, நல்லா மக்கின தொழு உரம் 4 சாக்கு, அப்புறம் 5 கிலோ தேங்காய் நார்க்கட்டி (கடையில கோகோபீட்னு கேளுங்க) ரெண்டு, ஊறினா அதுவும் 4 சாக்கு வரும். வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ.

முதல் தடவை நார்க்கட்டியை ராத்திரி ஊற வச்சு காலைல அப்படியே கலந்துட்டேன். பத்து நாள்ல கத்தரி நாத்து இலை ஓரம் எல்லாம் கருக ஆரம்பிச்சது, தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்தினேன், இன்னும் கருகுச்சு. நாத்து வாங்கின நர்சரி அக்காகிட்ட இலையை கொண்டு போய் காட்டினா, பாத்ததும் கேட்டாங்க, "தம்பி, நார்க்கட்டியை கழுவினீங்களா?"

நார்ல உப்பு இருக்கும், சோடியமும் பொட்டாசியமும், கழுவாம போட்டா அது நேரா வேர்லதான் போய் இறங்கும். அதனால இந்த வேலையை அவசரப்படாம செய்யுங்க. ஒரு கட்டிக்கு 25 லிட்டர் தண்ணி ஊத்தி உதிர விடுங்க, கோணி சாக்குல அள்ளிப் போட்டு தண்ணியை வடிய விடுங்க, திரும்ப டிரம்ல முக்குங்க, திரும்ப வடிங்க. குறைஞ்சது மூணு தடவை. வடியுற தண்ணி நிறம் வெளுத்துட்டா போதும்னு சொல்வாங்க, நான் அதை நம்புறதில்ல, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ஊத்துற தண்ணியும் வடியுற தண்ணியும் ஏறக்குறைய ஒரே நம்பர் காட்டுற வரைக்கும் கழுவுவேன். எங்க போர் தண்ணியே உப்பு, அதனால கடைசி அலசல் மட்டும் பிடிச்சு வச்ச மழைத்தண்ணியில.

எல்லாத்தையும் கலந்து ரொப்பி, தண்ணி தெளிச்சு பத்து நாள் விடுங்க. ரெண்டு இஞ்ச் இறங்கும், அப்போ மேல இன்னொரு சாக்கு தொழு உரம்.

நடவு

ஆடிப்பட்டம்தான் எனக்கு சரியா வந்தது. வெண்டையை வடக்கு ஓரத்துல 1 அடிக்கு ஒண்ணா வைங்க, வெயில் தெற்கு பக்கம் சாயும்போது மத்த செடிக்கு நிழல் கட்டாது. விதையை ராத்திரி ஊற வச்சு ஒரு இஞ்ச் ஆழத்துல ஊனினா ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும், 45, 50 நாள்ல முதல் காய். தெற்கு ஓரத்துல கத்தரி நாத்து 2 அடிக்கு ஒண்ணு, மூணே செடி, சாயந்திரமா நடுங்க. நடுவுல இருக்குற இடத்துல சிறுகீரை விதையை மணலோட கலந்து தூவிடுங்க, கத்தரி படர்றதுக்குள்ள பிடுங்கிடலாம். தண்ணிக்கு பூவாளி மட்டும்தான், ஹோஸ் பிடிச்சா விதை எல்லாம் ஓரமா ஒதுங்கிடும்.

பின்னாடி சேர்த்தது

இதே பாத்தியை மொட்டைமாடியில போடலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. வேண்டாம்ங்க. ஈரத்தோட கலவை மட்டுமே அரை டன் வரும், செங்கல் ஒரு 300 கிலோ. மாடித்தளத்துக்கு வழக்கமா டிசைன்ல எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, இது அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல போகுது. மாடின்னா க்ரோ பேக்லயே வைங்க.

கீரை விதை முளைக்கவே இல்லன்னு சொன்னவங்க எறும்பு போகுதான்னு பாருங்க, விதையை தூக்கிட்டு போயிடும். தூவினதும் மேல மெல்லிசா மண்ணு மூடிட்டு, பாத்தி ஓரமா கொஞ்சம் ரவை போட்டு வைங்க, எறும்பு விதையை விட்டுட்டு அதை தூக்கிட்டு போகட்டும், நான் நாலு நாள் அப்படித்தான் போட்டேன், அதுக்குள்ள முளை வந்துடுச்சு.