கறுப்புப் பட்டைக்கு அடியில் என் அடையாள எண்

என் அடையாள எண் இணையத்தில் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று பார்க்க, என் முழுப்பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினேன். (அடையாள எண்ணையே தேடல் பெட்டியில் அடிக்காதீர்கள், அது தேடல் வரலாற்றில் தங்கிவிடும்.) எப்போதோ நான் விண்ணப்பித்த அலுவலகத்தின் பிடிஎஃப் பட்டியல் வந்தது. எண்கள் மேல் கறுப்புப் பட்டை. சரி என்று மூடப்போனவன், ஒரு சந்தேகத்தில் பட்டையை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். என் எண் முழுசாக வந்து நின்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது. என்னுடையது மட்டுமா, பட்டியலில் இருந்த அத்தனை பேருடையதும்! பட்டை எழுத்தை மூடுகிறதே தவிர அழிப்பதில்லை.

கோப்பின் இணைப்பையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோப்பை எடுத்துவிட்டார்கள். அப்புறமும் தேடலில் பழைய துணுக்கு (இணைப்புக்குக் கீழே வரும் ஓரிரு வரி) தெரிந்தது. காலாவதியான முடிவுகளை நீக்கக் கேட்கும் கூகுள் பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுத்த பிறகுதான் அதுவும் போனது.