‘கொஞ்சம்’ என்றால் எப்போதும் ‘ஸ்லைட்லி’ இல்லை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளிலிருந்து பையருக்கு (தோல் வாங்குபவருக்கு) போகும் ஆங்கில மெயில்களில் அதிகம் காலை வாரிவிடுவது நம்ம ‘கொஞ்சம்’தான். தமிழில் அது அளவைச் சொல்லும்: ‘கலர் கொஞ்சம் மங்கியிருக்கு’. பணிவையும் சொல்லும்: ‘இன்வாய்ஸைக் கொஞ்சம் பாருங்க’. பாதியில் நிற்கும் வேலையையும் சொல்லும்: ‘கொஞ்சம் முடிஞ்சிருக்கு’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனி வழி.

பணிவுக்கு ‘ஸ்லைட்லி செக்’ என்று எழுதினால் ‘அரைகுறையாகப் பார்’ என்றாகிவிடும். ‘குட் யூ ப்ளீஸ் செக்’ போதும்.

அதிகம் தவறுவது சொல்லை வைக்கும் இடத்தில். ‘ஷேடைக் கொஞ்சம் மாத்தினோம்’ என்பதில் ‘கொஞ்சம்’ செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே உட்காருகிறது. அந்தப் பழக்கத்தில் ‘வீ சேஞ்ச்டு ஸ்லைட்லி த ஷேட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினையையும் செயப்படுபொருளையும் இப்படிப் பிரிக்கக் கூடாது. ‘வீ ஸ்லைட்லி சேஞ்ச்டு த ஷேட்’ அல்லது ‘வீ சேஞ்ச்டு த ஷேட் ஸ்லைட்லி’. துணைவினை வந்தால் ‘ஹேஸ் ஸ்லைட்லி ஃபேடட்’, ‘ஹேஸ் ஃபேடட் ஸ்லைட்லி’ இரண்டும் சரி. ‘எ பிட்’ மட்டும் வினைக்குப் பின்னால்தான் வரும். ‘ஹேஸ் எ பிட் ஃபேடட்’ தவறு.

‘ஓரளவு’ என்ற பொருளில் ‘ஃபேர்லி’ வினையோடு சேராது. ‘ஃபேர்லி குட்’ சரி, ‘வீ ஃபேர்லி லைக்’ தவறு. அங்கே ‘குவைட் லைக்’ என்று எழுதலாம். ஆனால் ‘குவைட்’ கூட வரும் வினையைப் பார்த்து நிறம் மாறும்: ‘லைக்’ முன்னால் ஓரளவு, ‘அக்ரீ’ முன்னால் முழுக்க. விலையில் பாதி மனதோடு இருப்பவர் ‘வீ குவைட் அக்ரீ’ என்று அனுப்பினால், பையர் அதை முழுச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். ‘பார்ட்லி அக்ரீ’ என்று எழுதுங்கள்.

‘ஸ்லைட்லி’ ஏறி இறங்கும் வினைகளுக்கு உரியது: மங்குவது, சுருங்குவது, விலை கூடுவது. முடிப்பதற்கு அது ஒட்டாது. 5,000 சதுர அடி ஆர்டரில் 4,800 முடிந்திருந்தால் ‘ஆல்மோஸ்ட்’, 2,000 முடிந்திருந்தால் ‘பார்ட்லி’. ‘கடுமையாக உழைத்தோம்’ என்று நினைத்து ‘ஹார்ட்லி வொர்க்டு’ என்று எழுதுவோரும் உண்டு. அதற்குப் பொருள் ‘கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை’!

மன்னிப்பில் இந்தச் சொற்களே வேண்டாம். ‘ஸ்லைட்லி ரிக்ரெட்’ கிண்டலாகப் படும்.

அளவெடுக்க முடிந்ததற்கும் வேண்டாம். 1.4 மி.மீ. தடிமன் கேட்ட தோல் 1.2 வந்திருந்தால் ‘ஸ்லைட்லி தின்னர்’ என்று மழுப்பாமல் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பையரிடமும் திக்னஸ் கேஜ் இருக்கும். கைக்குப் படும் ‘ஃபீல்’ போன்றவற்றுக்கு ‘ஸ்லைட்லி’யை வைத்துக்கொள்ளலாம்.