தப்பான ஆப்ஷனை யோசித்து எழுதுங்கள்: ஆன்லைன் பாடத்துக்குக் குவிஸ் தயாரிக்கும் முறை

மண்டபம், பாம்பன் கரையில் கப்பா பாசி என்னும் கடற்பாசியை வளர்க்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு ஓர் ஆன்லைன் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடியோவுக்கு 5 கேள்வி போதும்.

1. குறிக்கோளை ஒரே வரியில் எழுதுங்கள். "தெப்பத்துக்கு எவ்வளவு விதைப்பாசி வேண்டும் என்று கணக்கிடத் தெரிய வேண்டும்." "பாசி பற்றி அறிய வேண்டும்" என்று எழுதினால் அதிலிருந்து கேள்வி பிறக்காது.

2. கேள்வியை வேலையிலிருந்தே எடுங்கள். "3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் தெப்பம். 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் எத்தனை கிலோ?"

3. தப்பான ஆப்ஷன்கள். அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். சரியான விடை 60. மற்றவற்றுக்கு வாயில் வந்த எண்ணைப் போடாதீர்கள். ஒரு கயிற்றோடு கணக்கை நிறுத்தியவருக்கு 3 வரும். கிராமைக் கிலோவாக்கும்போது ஒரு சுழி கூடிப்போனவருக்கு 600 வரும். ஆக 3, 60, 600. மூன்றே போதும். யாரும் தொடாத நான்காவது ஆப்ஷன் படிக்கும் நேரத்தைத்தான் தின்னும். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால், பாடம் பார்க்காதவரும் அதையே தொடுவார்.

4. கூகுள் ஃபார்ம்ஸில் ஏற்றுங்கள். செட்டிங்ஸில் குவிஸாக மாற்றி, மதிப்பெண் உடனே தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடையையும் விளக்கத்தையும் சேருங்கள். இங்கே ஒரு சிக்கல்: தவறான விடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்கம்தான் எழுத முடியும். அதனால் இரண்டு பிழையையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்: "3 வந்ததா? அது ஒரு கயிற்றுக்கு மட்டும். 20 ஆல் பெருக்குங்கள். 600 வந்ததா? 1000 கிராம்தான் ஒரு கிலோ." ஆப்ஷனுக்கு ஆப்ஷன் தனி விளக்கம் வேண்டுமென்றால் மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் பாட மென்பொருளில் முடியும்.

எண் விடைகளை ஏறுவரிசையில் விடுங்கள். ஆப்ஷன்களைக் கலைக்கும் வசதியைப் போட்டுவிட்டு "மேற்கண்ட அனைத்தும்" என்று எழுதினால், அது முதல் வரியிலேயே வந்து நிற்கலாம்.

5. ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். போனில், பக்கத்தில் இருந்து. கேள்வியை இரண்டாம் முறை படிக்கிறார்கள் என்றால் வாக்கியத்தை உடைத்து எழுதுங்கள்.

6. வந்த விடைகளைப் படியுங்கள். பாதிப் பேர் 3 என்று போட்டிருந்தால், கயிற்றுக் கணக்கு வீடியோவில் தெளிவாக இல்லை. அந்த இடத்தைத் திரும்ப எடுங்கள். எல்லாரும் 60 போட்டிருந்தால், ஒரு வாரம் கழித்து முடிச்சுக்கு 100 கிராம் என்று மாற்றிக் கேளுங்கள். அப்போது 40 வருகிறதா என்று பாருங்கள்.