தண்டல் அட்டை வாங்கும் முன்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை 900 ரூபாய் வாங்கி, சாயங்காலம் 1,000 ஆகத் திருப்பிக் கொடுக்கும் பூக்காரர்கள் உண்டு. இதென்ன அநியாயம் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "முகூர்த்த நாள்ல அந்தக் காசுக்கு வாங்குற மல்லியில எனக்கு நானூறு நிக்கும் தம்பி, நூறு போனாப் போகுது. மழை பேஞ்சாத்தான் செத்தோம்" என்றார்.

போட்ட காசு அன்றைக்கே திரும்பும் தொழிலுக்கு இந்தக் கடன் ஓரளவு தாங்கும், அதுவும் மழை பெய்யாத வரை. ஆஸ்பத்திரிச் செலவும் ஸ்கூல் ஃபீஸும் எதையும் சம்பாதித்துத் தராது. இரண்டுக்கும் ஒரே ஆளிடம் ஒரே மாதிரி கை நீட்டுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, தவணையை மட்டும் பார்ப்பது. எங்கள் தெரு இட்லிக் கடையில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று தொங்கும், தினம் கொஞ்சமாக வசூலிக்கும் தண்டல் கடனுக்கான அட்டை. நூறு கட்டம். தினம் இருட்டும் நேரத்தில் வண்டியில் ஒருவர் வருவார், நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போவார். கணக்கில் கடன் 10,000, கைக்கு வந்தது 8,500. "பதினைஞ்சு பர்சென்ட்தானே" என்றுதான் கடைக்காரரும் நினைத்தார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போகிறது. ஐம்பதாவது நாளில் பாதிப் பணம்கூட நம்மிடம் இல்லை. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 சதவீதம். நூற்றுக்கு மாதம் பத்து, அதாவது பத்து வட்டி. பத்து வட்டிக்காரர் வீட்டுப் பக்கமே போக மாட்டேன் என்கிறவர்கள் அதே வட்டியைத் தண்டலில் சிரித்துக்கொண்டே கட்டுகிறோம்.

இதைவிட மோசமானது அட்டையை மாற்றுவது. அறுபதாவது நாள் வசூலுக்கு வருபவரே, "புது அட்டை போட்டுத் தரட்டுமா அண்ணே?" என்பார். பாக்கி 4,000. புதிய 8,500-இல் அதைக் கழித்துவிட்டு 4,500 தருவார். முன்கூட்டியே அடைத்ததற்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கிடையாது. பழைய வட்டி முழுதாகப் போய், கைக்கு வந்த 4,500-க்காக இன்னொரு 1,500 ஏறிவிட்டது. நம் ஊரில் கடன் முற்றுவது பெரும்பாலும் இங்கேதான்.

எழுதாத புரோநோட்டிலும் தொகை போடாத செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஏடிஎம் கார்டைக் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. போன் ஆப்பில் வாங்குவதானால் ஒன்று: ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், போனில் உள்ள மற்றவர்களின் நம்பர்களை ஆப் எடுக்கக் கூடாது. அதைக் கேட்கிற ஆப்பை அழித்துவிடுங்கள்.

வங்கிக்குப் போகலாமே என்று சொல்வது சுலபம். ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. தண்டல்காரரோ கடைவாசலுக்கே வருகிறார். இருந்தாலும் தெருவோர வியாபாரிகள் மாநகராட்சியில் பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டத்தை விசாரிக்காமல் விடுவது தவறு. முதல் கடன் 15,000 வரை, தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். குண்டுமணித் தங்கம் இருந்தால் கூட்டுறவு சங்க நகைக்கடன். வீட்டுப் பெண்கள் மகளிர் குழுவில் இருந்தால் அங்கே உள்கடன், அதாவது குழுவின் சேமிப்பிலிருந்தே தரும் கடன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செய்யும் தவறு, கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாயை மூடிக்கொள்வது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டியோடு தண்டலையும் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்துக்குத் தயக்கம் என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். போவதற்கு முன்னால் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வசூலிக்கிறவர் தன் கைப்பட எழுதிய காகிதம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.