கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சித்தப்பா ஒரு மஞ்சள் பையில் பதினோரு கேசட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். எண்பதுகளில் அவர் சவூதியில் வேலை பார்த்தபோது கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை சில, ஊரிலிருந்து அப்பத்தா பேசி அனுப்பியவை சில. “ஆத்தா குரல் இதுல மட்டும்தான்டா இருக்கு” என்றார். அவரே லேப்டாப்பில் வயரைச் செருகி இரண்டு நாள் முயன்று பார்த்திருக்கிறார். ஒன்றும் பதியவில்லை. கடையில் காட்டியதற்கு சவுண்ட் கார்டு போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சவுண்ட் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயர் போன ஓட்டைதான் தப்பு.

டேப் ரெக்கார்டர், ரேடியோ, கீபோர்டு, மைக் எதுவானாலும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும்போது வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆனால் சத்தம் வரவில்லை என்றதும் எல்லோரும் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுவதில் தொடங்குகிறார்கள். அப்புறம் விண்டோஸையே புதிதாகப் போடுகிறார்கள். சத்தத்துக்கு ஒரு பாதை இருக்கிறது: டேப், டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் ஹெட், வயர், ஜாக், விண்டோஸ், கடைசியில் ரெக்கார்டிங் மென்பொருள். தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக்கொண்டே வர வேண்டும். முதலில் டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஜாக்கில் ஒரு இயர்போனைச் செருகிக் கேளுங்கள். அங்கேயே சத்தம் மங்கலாக இருந்தால் கணினியில் எதைத் திருகியும் பயனில்லை. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் செட்டிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல், அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அரிய கேசட்டை வைத்துச் சோதனை செய்வது

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது. முப்பது நாற்பது வருடம் பீரோவுக்குள் கிடந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது. டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை பிசுபிசுத்துப் போயிருந்தால் அது டேப்பைச் சுற்றி விழுங்கிவிடும். வயர், லெவல், செட்டிங் எல்லாவற்றையும் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை வைத்தே சரிசெய்யுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்தப் பழுப்புத்தான் பழைய டேப்புகள் உதிர்த்துவிட்டுப் போன காந்தப் பூச்சு.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் குரல் அழிந்துவிடும். உடைத்துவிட்டால் அந்தப் பொத்தான் இறங்கவே இறங்காது.

எந்த ஓட்டை

இப்போது வருகிற பெரும்பாலான லேப்டாப்களில் 3.5 மி.மீ. ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்து, சத்தம் வெளியே போகிற வழியில் உள்ளேயும் வரும் என்று சித்தப்பா நினைத்தது இயல்புதான். ஆனால் அது செல்போன் ஹெட்செட்டுக்கான ஓட்டை. ஹெட்செட் பின்னை உற்றுப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள், அவை பிரிக்கும் நான்கு உலோகப் பட்டைகள். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்டு (எல்லாவற்றுக்கும் பொதுவான முனை), அடிப்பட்டை மைக்குக்கு. நாம் டேப் ரெக்கார்டரிலிருந்து கொண்டுவரும் வயரின் பின்னில் இரண்டே வளையம், மூன்றே பட்டை. அதைச் செருகும்போது, லேப்டாப் பாட்டை வெளியே அனுப்பும் இரண்டு முனைகளில்தான் நம் டேப்பின் இடது வலது சத்தம் போய் முட்டுகிறது. மைக் முனையோ நேராகக் கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. சத்தம் உள்ளே போக வழியே இல்லை. ரெக்கார்டிங்கில் கோடு தட்டையாக ஓடும், பார்க்கிறவர்கள் சவுண்ட் கார்டு செத்துவிட்டது என்பார்கள்.

ஹெட்செட் ஓட்டையை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் அடாப்டர் கிடைக்கும். அதில் மைக் வேலை செய்யும். ஆனால் கேசட்டுக்கு அது போதாது, ஸ்டீரியோவும் கிடைக்காது. லேப்டாப்பில் செய்வதானால் லைன் இன் (டேப் ரெக்கார்டர் போன்ற கருவியின் சத்தத்தை வாங்கும் ஓட்டை) உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. சாக்கெட் இருந்தால் டெக்கிலிருந்து, அதாவது கேசட்டை ஓட்டும் கருவியிலிருந்து, நேராகச் செருகலாம். மலிவான யு.எஸ்.பி. குச்சிகளிலும் இரண்டு ஓட்டை இருக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒன்று ஹெட்போன், மற்றது மைக். லைன் இன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேறு தவறு காத்திருக்கிறது. பின்பக்கத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று ஓட்டைகள். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் பிசி 99 என்ற வடிவமைப்பு வழிகாட்டியில் வகுத்த நிறங்கள் இவை, இன்றும் நடப்பில் இருக்கின்றன. பச்சை வெளியே போவதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம்தான் லைன் இன். கேசட் டெக்கின் வயர் நீலத்தில்தான் போக வேண்டும். இளஞ்சிவப்பில் போட்டாலும் சத்தம் வரும், அதுதான் ஆபத்து. வந்துவிட்டதே என்று விட்டுவிடுவார்கள்.

மைக் தருவது சில மில்லிவோல்ட். டெக்கின் லைன் அவுட் (வேறு கருவிக்குச் சத்தத்தை அனுப்பும் ஜாக்) தருவது சுமார் 0.3 வோல்ட், அதாவது நூறு மடங்கு அளவுக்கு அதிகம். மைக் ஓட்டைக்குப் பின்னால் அந்தச் சின்ன சத்தத்தைப் பெருக்கும் சுற்று உட்கார்ந்திருக்கிறது. அதில் லைன் சத்தத்தை விட்டால் காது கேட்காதவரிடம் பேசுகிற குரலில் பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் கத்தியது போல் ஆகும். குரல் கரகரவென்று உடையும். அத்தோடு பல மைக் ஓட்டைகள் மோனோ, மைக்குக்காக ஒரு சின்ன மின்னழுத்தத்தையும் வெளியே தள்ளுகின்றன. கணினியில் பதிவு லெவலைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது, ஏனென்றால் சத்தம் உடைந்தது அந்த லெவலுக்கு முந்திய இடத்தில். சத்தம் மட்டும் சின்னதாகும், உடைசல் அப்படியே இருக்கும்.

வயரைச் செருகியதும் சில கணினிகளில் என்ன செருகினீர்கள் என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். கவனிக்காமல் மைக் என்று அழுத்திவிட்டால் நீல ஓட்டையும் மைக் ஓட்டையாகிவிடும். லைன் இன் என்றே சொல்லுங்கள்.

டெக்கின் பக்கத்தில் லைன் அவுட் இருந்தால் அதையே எடுங்கள். ஹெட்போன் ஜாக் மட்டும்தான் என்றால், வால்யூமைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துத் தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளிலிருந்து மட்டும் ஒருபோதும் கணினிக்கு வயர் இழுக்காதீர்கள். அந்தச் சக்தி சவுண்ட் கார்டை நிஜமாகவே எரித்துவிடும்.

ஃபேன் சத்தம் பதிந்திருக்கிறதா?

வயர் சரி, ஓட்டை சரி, குரலும் பதிகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது என்றால், பதிந்ததைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். சீலிங் ஃபேன் கேட்கிறதா? அடுப்படியில் குக்கர் விசில் கேட்கிறதா? கேட்டால், கணினி வயரிலிருந்து பதியவில்லை, லேப்டாப்பின் சொந்த மைக்கிலிருந்து பதிகிறது. ரெக்கார்ட் செய்துகொண்டே அந்தச் சொந்த மைக்கின் சிறு துளைக்குப் பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். அந்தக் கீறல் பதிந்தால் சந்தேகமே இல்லை. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கிலும் ரெக்கார்டிங் மென்பொருளிலும் இன்புட் எது என்பதைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று எண்ண வேண்டாம். ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு யு.எஸ்.பி. கருவியைச் செருகினால் அது பட்டியலில் வராமல் போகலாம். மென்பொருளை மூடித் திறந்தால் வந்துவிடும்.

லைன் இன் பட்டியலிலேயே இல்லை என்றால், பழைய கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய், ரெக்கார்டிங் பக்கத்தின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கப்பட்ட கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கோடு தட்டையாகவே ஓடினால் ப்ரைவசி செட்டிங்கில் மைக்ரோஃபோன் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், மைக் அனுமதியை அடைத்துவிட்டால் லைன் இன், யு.எஸ்.பி. எல்லாமே சேர்ந்து ஊமையாகிவிடும். நான் மைக்கே பயன்படுத்தவில்லையே என்று அந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடுவார்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கு என்று அங்கே தனி சுவிட்ச் உண்டு, அதையும் திறந்துவிடுங்கள்.

இரைச்சல் என்று தம்புராவை அழிப்பது

தெரிந்த அக்கா ஒருவர் தன் அம்மாவின் கச்சேரிக் கேசட்டை ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். பாட்டு வந்தது, வயலின் வந்தது, தம்புரா இல்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சுருதி சற்றுத் தலைகாட்டி, பிறகு தேய்ந்து மறைந்தது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அது ஏசி, ஃபேன் மாதிரியான இரைச்சல் என்று கணினியின் இரைச்சல் நீக்கி முடிவு கட்டிவிடுகிறது. தம்புராவோ விடாமல் ஒரே சீராக ஒலிப்பதற்காகவே இருப்பது. சவுண்ட் செட்டிங்கில் அந்த இன்புட்டைத் திறந்து ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்ததும் தம்புரா திரும்பி வந்தது. இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், லெவலைத் தானாக ஏற்றி இறக்குவது எல்லாம் வீடியோ அழைப்பில் பேசுவதற்காக வைத்தவை. கேசட்டின் உஸ்ஸென்ற இரைச்சலையும் சேர்த்தே பதியுங்கள். பிறகு வேண்டுமானால் ஒரு நகலில் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

லெவல் வைப்பதிலும் அவசரம் கூடாது. கேசட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி, அங்கே மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்டது திரும்பாது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே கத்தியால் சீவியது போல் தட்டையாகத் தெரியும். இதில் உதவியான ஒரு குறிப்பு: தட்டையான தலை மேல் விளிம்பில் இருந்தால் கணினி லெவல் அதிகம். விளிம்புக்குக் கீழேயே தட்டையாக இருந்தால் அதற்கு முன்பே, டெக்கின் வால்யூமிலோ மைக் ஓட்டையிலோ உடைந்திருக்கிறது. அல்லது அந்தக் காலத்தில் கேசட்டில் பதியும்போதே உடைந்தது.

ம்ம்ம் என்ற உறுமல்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உறுமல் 50, 100 ஹெர்ட்ஸில் வரும். டெக்கும் கணினியும் தனித்தனி பிளக்கில் இருந்து, ஆடியோ வயர் அவற்றின் கிரவுண்டை இணைக்கும்போது ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் அதுதான். பேட்டரியிலேயே பதிந்துவிடலாம், அல்லது இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகலாம். அதற்கும் போகாவிட்டால் ஆடியோ வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (அந்த வளையத்தைத் துண்டிக்கும் சிறு கருவி) போடலாம். சிலர் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிடச் சொல்வார்கள். செய்யவே கூடாது. அது உயிரைக் காப்பதற்காக இருக்கிற முனை.

பதியும்போது ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், ஹெட்போன் போதும். சேமிக்கும்போது வேவ் (WAV) கோப்பாகவே வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். 60 நிமிடக் கேசட் முழுவதும் 650 எம்.பி.க்குள் அடங்கிவிடும். எம்பி3 நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம்.

அப்புறம், பேச்சு முடிந்தது என்று பதிவை நிறுத்திவிடாதீர்கள். டேப் தானாக நிற்கும்வரை ஓடட்டும். அப்பத்தாவின் கேசட் ஒன்றில் பி பக்கம் பத்து நிமிடத்தோடு பேச்சு நின்று, வெறும் உஸ்ஸென்ற சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா எழுந்துவிட்டார். இருபதாவது நிமிடம் தாண்டி டக்கென்று பொத்தான் விழும் சத்தம். “சொல்ல மறந்துட்டேன்யா. மழை பேஞ்சிருச்சு, கம்மாய் நெறஞ்சு கெடக்கு.” அதோடு டேப் முடிந்தது.